இரண்டு போத்தல் காரின்யான்

அன்பு மகளுக்கு,

வருகிற சனிக்கிழமை மருமகனின் வீட்டாரை விருந்துக்கு அழைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னதால், இரண்டு போத்தல் சிவப்பு வைன் அனுப்பியிருக்கிறேன். இரண்டும் காரின்யான் என்ற ஒரே இன முந்திரிகையில், தென் பிரான்சின் ரூசியோன் பகுதியில் மோரி என்ற ஊருக்கு அருகே ஏடு ஏடாகப் பிளக்கும் கறுப்புப் பாறை நிலத்தில் விளைந்தவை. ரூசியோனின் பெரிய அப்பலாசியோன் பெயர்களுக்கு, அதாவது விளைந்த இடத்தைச் சட்டப்படி குறிக்கும் பெயர்களுக்கு, பல இனங்களைக் கலக்க வேண்டும் என்று விதி இருப்பதால், இதில் 'கோத் கத்தலான்' என்று எளிமையாகத்தான் போட்டிருக்கும். சம்பந்தி முகம் சுளித்தால் அதைச் சொல்லு.

போத்தலில் 'வியேய் வீஞ்' (முதிய கொடிகள்) என்ற எழுத்தை மட்டும் பார்த்து மயங்காதே, எத்தனை வயதில் கொடி முதிய கொடியாகிறது என்பதற்குப் பிரெஞ்சுச் சட்டத்தில் வரையறை இல்லை. இந்தத் தோட்டத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்து முந்திரிகைத் தோட்டம்போலப் பந்தல் கிடையாது, கம்பியும் கிடையாது; என் தொடை அளவு பருத்து முறுகிய அடிமரங்கள் முழங்கால் உயரத்தில் தனித்தனியே நிற்கின்றன. காரின்யான் கட்டுப்பாடின்றிக் காய்த்துத் தள்ளும் இனம்; அப்படி வந்த வைன் சப்பென்று இருந்ததால், 1988 முதல் ஐரோப்பிய மானியம் கொடுத்து ஏராளமான கொடிகளைப் பிடுங்க வைத்தார்கள். தப்பிய கிழக்கொடிகள் கொஞ்சமாகக் காய்த்தாலும் சாறு அடர்த்தியாக இருக்கிறது.

பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்து வாயகன்ற குடுவையில் ஊற்றி வை. சூடான சமையலறையில் வைக்காதே, 16 அல்லது 17 பாகை போதும். முதலில் கறுப்புச் செரிப்பழமும் அதிமதுரமும் மணக்கும், பிறகு வெயிலில் காய்ந்த தைம் இலையின் வாசனை வரும். வாயில் வைத்ததும் புளிப்பு முந்திக்கொள்ள, நாவற்பழம் தின்றதுபோல நாக்கு இழுபடும். இங்குள்ளவர்கள் அந்தத் துவர்ப்பைச் சுவையாகக் கணக்கெடுப்பதில்லை. அதை அறுசுவையில் சேர்த்தவர்கள் நாம் என்பதால் உனக்கு அது புதிதாக இராது.

அந்தத் துவர்ப்புக்குக் கொழுப்பு வேண்டும். ஆட்டின் முன்தொடையை உள்ளியும் தைமும் சேர்த்து மெல்லிய சூட்டில் நாலைந்து மணி நேரம் வேக விடு. கொழுப்பு துவர்ப்பை அடக்கும், வைனின் புளிப்பு கொழுப்பின் திகட்டலை எடுத்துவிடும். நம் தூள் போட்ட கறி வேண்டாம். ஒருமுறை நான் அம்மாவின் நண்டுக்கறியோடு இதை ஊற்றிக் கொடுத்து, வந்தவர்கள் இரண்டாம் மிடறிலேயே தண்ணீர் கேட்டார்கள், ஏனென்றால் மிளகாயின் உறைப்பு மதுவின் எரிவையும் துவர்ப்பையும் பெருக்கிக் காட்டும். நம் கைப்பக்குவம் ஏதாவது இருக்க வேண்டுமென்றால், பச்சை மிளகாயைத் தவிர்த்து, சுட்ட கத்தரிக்காயில் வறுத்த சீரகமும் மிளகும் போட்டுச் சம்பல் செய்.

மிச்சம் இருந்தால் தக்கையை இறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் ஒரு வாய் குடித்துப் பார்த்து எழுது. இரண்டாம் நாள்தான் இது நன்றாக இருக்கும் என்பது என் கட்சி, அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

அன்புடன்,
அப்பா