அம்பையில் மணி தப்பிப்போனது

பாளையங்கோட்டை
ஞாயிறு காலை

அன்பு மாப்பிள்ளை,

சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு ஆனியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வந்து திட்டு. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அண்ணாச்சி சொன்னார். நம்ம கண்ணாடி சார் இப்போதும் சாயங்காலம் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி வருகிறார், உன்னைக் கேட்டார், "அவன் இன்னும் அந்த ஆறு மதிப்பெண்ணுக்குச் சண்டை போடுகிறானா?" என்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரமாக மனசில் கிடந்து உறுத்துகிறது.

எங்கள் மருத்துவமனைக்குப் பாளையங்கோட்டையில் தலைமை, அம்பை என்கிற அம்பாசமுத்திரம், தென்காசி, ஸ்ரீவைகுண்டத்தில் கிளைகள் என்பது உனக்குத் தெரியும். லேப், மருந்தகம், வார்டு, விடுப்பு எல்லாவற்றுக்கும் ஒரே லாகின். காலையில் ஒரு தடவை பாஸ்வேர்டு போட்டால் போதும். ஒவ்வொரு கிளையிலும் அதற்கென ஒரு சர்வர், யார் யாரை உள்ளே விடலாம் என்று நான்கிலும் ஒரே பட்டியல். மாற்றம் எல்லாம் பாளையங்கோட்டையில் நடக்கும், மற்ற மூன்றுக்கும் நகல் போகும். அடியில் ஓடுவது கெர்பரோஸ், ஆள் யார் என்று சரிபார்த்து உள்ளே விடுகிற முறை. நீ புரோகிராம் எழுதுகிறவன், சர்வர் அறைப் பக்கம் வராதவன், அதனால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1980களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அதீனா திட்டத்துக்காகச் செய்தது. உள்ளே விடச் சொல்லிக் கேட்கிற ஒவ்வொரு கோரிக்கையிலும் நேரம் முத்திரை குத்தியிருக்கும். யாராவது பழையதைத் திருடி வைத்திருந்து மறுபடி நீட்டிவிடக் கூடாதே, அதற்கு. இரண்டு பக்கத்து மணியும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் கதவு திறக்காது.

பொங்கல் கழிந்த கையோடு அம்பை கிளையில் பயர்வாலை, அதுதான் நெட்வொர்க்கின் காவல் வாசலை, மாற்றினார்கள். மாற்றியபோது போர்ட் 123 மூடிப்போயிற்று. சர்வர் சரியான நேரத்தைக் கேட்டு வாங்குவது அந்த வழியாகத்தான். அன்றிலிருந்து அது தன் சொந்தக் கடிகாரத்தை நம்பி ஓடியிருக்கிறது, ஒரு நாளைக்கு 2 வினாடி பிந்தி. 2 வினாடி யார் கண்ணில் படும்? 150 நாளில் அது 300 வினாடி. அங்கே உள்ள கணினிகள் எல்லாம் அந்தச் சர்வரிடம்தான் மணி கேட்கின்றன, ஆகையால் கிளை முழுக்க ஒன்று போலப் பிந்தியிருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்க்க வித்தியாசமே கிடையாது.

ஆனி பிறந்த வாரம், ராத்திரி பத்தரை மணிக்கு அம்பையிலிருந்து போன். வார்டில் இருந்த நர்ஸுக்கு லேப் முடிவு திறக்கவில்லை. லேப் சர்வர் இருப்பது பாளையங்கோட்டையில். நான் முதலில் செய்தது தப்பு, மாப்பிள்ளை. பாஸ்வேர்டு கோளாறு என்று நினைத்து இங்கிருந்து புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். அம்பைக்கு நகல் போவதும் அதே கெர்பரோஸ் வழியாகத்தானே? சாயங்காலமே அது நின்றுபோயிருக்கிறது. புதுப் பாஸ்வேர்டு அங்கே போய்ச் சேரவே இல்லை. அந்தப் பெண் புதியதைப் போட்டுப் போட்டுப் பார்த்து, உள்ளதும் போய் வெளியே நின்றாள். நோயாளியின் பொட்டாசியம் அளவை லேப்காரர் போனில் வாசிக்க, அவள் காகிதத்தில் எழுதி, திரும்ப வாசித்துச் சரிபார்த்துக்கொண்டாள். அந்த நோயாளி நன்றாகி வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் எட்டா ஏழா என்று ஒரு எண் காதில் தவறி விழுந்திருந்தால்? அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

பன்னிரண்டு மணிக்கு சர்வர் எழுதி வைக்கிற லாகில் அந்த வரியைப் பார்த்தேன்: கிளாக் ஸ்க்யூ டூ கிரேட், மணி வித்தியாசம் ரொம்ப அதிகம் என்று. போர்ட்டைத் திறந்து மணியைத் திருத்தியதும் மடமடவென்று நகல் ஓடியது. தேங்கிக் கிடந்த மாற்றங்களில் ஒன்று, அன்று மத்தியானத்தோடு வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கை மூடியது. இங்கே சாயங்காலமே மூடிவிட்டோம். அம்பையில் நடுராத்திரி வரை திறந்தே கிடந்திருக்கிறது. அவர் எதையும் தொடவில்லை, பார்த்துவிட்டேன்.

உங்கப்பா ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் பீப் சத்தத்துக்குக் காத்திருந்து கைக்கடிகாரத்தைத் திருத்துவார், அதுவரை யாரும் பேசக் கூடாது. நாம் சிரிப்போம். அன்று ராத்திரி அவர் ஞாபகம்தான் வந்தது.

இப்போது மேலே உள்ளவர்கள், "நாலு சர்வர் எதற்கு? ஒன்றே ஒன்று பாளையங்கோட்டையில் இருக்கட்டும், நகல் தொல்லையே வேண்டாம்" என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது, இங்கே ஜங்ஷன் பேருந்து நிலையம் முழுக்கத் தண்ணீர். அந்த நாட்களில் ஸ்ரீவைகுண்டம் கிளைக்கு எந்த லைனும் இல்லை. அங்கே இருந்த சர்வர் தனியாக நின்று ஆட்களை உள்ளே விட்டதால்தான் மருந்து எடுக்க முடிந்தது. ஒன்றே ஒன்று என்று வைத்திருந்தால் அன்று பூட்டுத்தான்.

அதனால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு கிளைக்கும் மூன்று இடத்திலிருந்தாவது நேரம் வர வேண்டும். இரண்டு இருந்தால் எது பொய் என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஸ்ரீவைகுண்டத்திலும் அம்பையிலும் மொட்டை மாடியில் ஜி.பி.எஸ். ரிசீவர், லைன் அறுந்தாலும் வானத்திலிருந்து மணி வரும். வித்தியாசம் ஒரு வினாடியைத் தாண்டினால் என் போன் அடிக்க வேண்டும், நகல் ஒரு மணி நேரம் நின்றாலும் அடிக்க வேண்டும். காலையில் பாஸ்வேர்டு போட்டதும் கெர்பரோஸ் கொடுக்கிற அனுமதிச் சீட்டு, அந்த டிக்கெட்டின் ஆயுளை 10 மணி நேரத்திலிருந்து ஒரு ஷிப்ட் அளவுக்கு, 8 மணி நேரத்துக்குக் குறைக்கிறேன். கணக்கை மூடினாலும் கையில் இருக்கிற டிக்கெட் அது வரைக்கும் செல்லும் அல்லவா?

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. லைன் அறுந்த கிளை, தன்னிடம் உள்ள பழைய பட்டியலை எத்தனை நேரம் நம்பலாம்? வார்டு, லேப், மருந்து மூன்றும் எத்தனை நாள் ஆனாலும் திறந்திருக்க வேண்டும் என்பேன். சம்பளம், கொள்முதல் எல்லாம் ஒரு நாளோடு மூடிவிடலாம். விலகிப்போனவர் ஒருவர் உள்ளே நுழைகிற ஆபத்தை விட, ராத்திரி இரண்டு மணிக்கு நர்ஸ் வெளியே நிற்பது பெரிய ஆபத்து. நீ என்ன நினைக்கிறாய்? எனக்குத் தலையாட்டுகிற ஆள் இங்கே நிறைய. நீ மறுத்துப் பேசுகிறவன்.

அந்த ஒரு வினாடி எச்சரிக்கைக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதித் தாலே. தேரோட்டத்துக்கு வரும்போது கொண்டு வந்தால் போதும். அத்தையைக் கேட்டதாகச் சொல்.

உன் கடைசி பெஞ்சுக் கூட்டாளி