'போ'விலிருந்து சித்தப்பாவுக்கு

போ, சியரா லியோன்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நலம். சித்தியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? ஊர்ப் பெயரே 'போ'வா என்று சிரித்தீர்களாம். சிரியுங்கள், ஆனால் வயலைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்குப் பதில் இதோ.

ஜனாதிபதி ஜூலியஸ் மாடா பயோ இரண்டாம் முறை வென்றதும் ஐந்து காரியங்களை முதன்மை என்று அறிவித்தார். மனிதவளம், இளைஞருக்கு வேலை, தொழில்நுட்பமும் கட்டுமானமும், நிர்வாகச் சீர்திருத்தம், இதற்கெல்லாம் முன்னால் சோறு. 2023 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சோற்றுத் திட்டத்துக்கு 'ஃபீட் சலோன்' என்று பெயர், சியரா லியோனுக்குச் சோறு போடு என்று அர்த்தம். ஆளுக்கு வருஷத்துக்கு 100 கிலோவுக்கு மேல் அரிசி தின்கிற நாடு, அதில் நிறையக் கப்பலில் வருகிறது. 2023 ஜூலையில் நம் அரசு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. போன வருஷ நெல் தீர்ந்து, புது நெல் வராத மாதம் இது. அந்த அடி இப்போதுதான் உறைக்கும்.

மழைக்குக் குறைவில்லை, நம் டெல்டாவைப்போல இரண்டு மடங்கு. ஆனால் எக்டேருக்கு 2 டன்கூடத் தேறுவதில்லை, ஏக்கருக்கு 13 மூட்டை என்று வையுங்கள். விதை, உரம் எல்லாம் குறைதான். என் கணக்கில் பெரிய குற்றவாளி, சரியான வடிகால் இல்லாததுதான்.

மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளச் சதுப்பில்தான் நடவு. சரிவிலிருந்து ஊறி இறங்கும் நீர் இரும்பைக் கொண்டுவருகிறது. தேங்கிய வயலில் காற்று போகாததால் மண்ணில் இருக்கும் இரும்பும் கரைகிறது. நீர்மேல் எண்ணெய் மாதிரி ஒரு ஏடு படியும். குச்சியால் தொட்டால் எண்ணெய் ஒன்றுசேரும், இது கண்ணாடிச் சில்லுபோல உடையும். பிறகு அடி இலையின் நுனியில் பழுப்புப் புள்ளி விழும், இலை ஆரஞ்சாகும், தூர் கட்டாது. நோய் என்று மருந்தடிப்பார்கள், காசுதான் வீண்.

முதலில் இரண்டு பக்கமும் சரிவின் அடியில் வாய்க்கால் வெட்டி ஊற்றுநீரை வெளியே திருப்ப வேண்டும். அடுத்து நடுவில் வடிகால், பிறகுதான் வரப்பும் சமன்படுத்தலும். அவசரத்தில் வரப்பை முதலில் போட்டால் விஷநீரை நாமே கட்டி வைத்ததாகும். வெட்டிய வாய்க்காலையும் வருஷாவருஷம் தூர்வாராவிட்டால் பழைய கதைதான். சாம்பல் சத்து குறைந்த மண்ணில் இது இன்னும் மோசம், பொட்டாஷ் போட்டால் கொஞ்சம் தாங்கும். சுவாகோகோ 8 என்ற ரகம் இதைத் தாங்கும்.

'கட்டிங் கிராஸ்' என்கிற பெருச்சாளி போன்ற ஒன்று தண்டை அடியோடு அறுத்துவிடும். வயலைச் சுற்றி வேலி கட்டி, இடைவெளிகளில் கண்ணி வைக்கிறார்கள். அறுவடையானதும் நம் வீட்டைப்போலவே நெல்லை ஊறவைத்து அவித்துப் புழுங்கல் ஆக்குகிறார்கள். வெயில் கொதிக்கும்போது ஒரேயடியாய்க் காயவிடுவதால் மில்லில் பாதி நொய்யாகிறது.

ஒரு உதவி. நம் கோனோ வீடரின் (வயலில் தள்ளிக் களையெடுக்கும் கருவி) உருளை அளவையும் பல்லின் கோணத்தையும் தாளில் வரைந்து அனுப்புங்கள். இங்கே கொல்லர்கள் கெட்டிக்காரர்கள், செய்துவிடுவார்கள். வரிசை நடவுக்கு 25 சென்டிமீட்டரில் கயிறு கட்டப் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் மகன்