இரண்டாம் வால்வு சிக்குகிறது என்றாயே, பாப்பா

அன்பு மகளுக்கு,

போனில் சொன்னால் பாதி காதில் விழாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் பிரெஞ்சு ஹார்னில் வால்வு சிக்கினால் உடனே கழற்றப் பார்க்காதே. ஹார்னில் இருப்பது டிரம்பெட் மாதிரி மேலும் கீழும் போகிற பிஸ்டன் இல்லை, சுழலும் ரோட்டர். அதற்கும் உறைக்கும் நடுவே மயிரிழைகூட நுழையாது. ஆலையில் இத்தனை வருஷம் பேரிங் மாற்றிய நானே அதைக் கழற்றத் துணிய மாட்டேன். அது ரிப்பேர்காரர் வேலை.

பெரும்பாலும் எண்ணெய் விட்டாலே சரியாகிவிடும். வால்வு மூடியைத் திருகி எடு, நடுவில் அச்சு முனை தெரியும். அங்கே ஒரு சொட்டு. பின்பக்கம் லீவரின் நூல் சுற்றிய சின்னக் கைத்துண்டு அச்சோடு சேருகிற இடத்தில் இன்னொரு சொட்டு. இந்த இரண்டுக்கும் கொஞ்சம் கனமான பேரிங் எண்ணெய். ரோட்டருக்கு மெல்லிய எண்ணெய். அந்த வால்வின் ஸ்லைடை, அதாவது இழுத்தால் கழன்று வரும் வளைகுழாயை, எடுத்துவிட்டுக் குழாய் வழியாக விடு. குழாய்ச் சுவரில் படாமல் விட வேண்டும். பட்டால் அங்கிருக்கும் கிரீஸைக் கரைத்துக்கொண்டு போய் ரோட்டரில் சேர்த்துவிடும், சிக்கல் கூடத்தான் செய்யும். அப்புறம் லீவரை அமுக்கி அமுக்கி விடு. வால்வு ஸ்லைடை இழுக்கும்போதும் அந்த வால்வின் லீவரை அமுக்கியே இழு, இல்லாவிட்டால் உள்ளே காற்று இழுத்துப் பிடிக்கும்.

மூடியைத் திறந்த கையோடு கோடுகளையும் பார். மூடிக்கு அடியில் இருக்கும் தகட்டில் இரண்டு கோடு, அச்சில் ஒரு கோடு. லீவரைத் தொடாதபோது அச்சுக் கோடு ஒன்றோடு நேராக நிற்க வேண்டும், அமுக்கினால் மற்றதோடு. கொஞ்சம் விலகினாலும் குழாய் வாய் பாதி மறைந்து சுரம் அடைத்த மாதிரி கேட்கும். நீ ஊதுவதில் குறை என்று நினைத்துக் கவலைப்படுவாய். குறை, ரோட்டரைச் சரியான இடத்தில் தடுத்து நிறுத்தும் தேய்ந்த கார்க்கில் இருக்கும்! கார்க் மாற்றினால் தீர்ந்தது.

தே தாரிக், அந்த இனிப்புப் பால் டீ, குடித்த வாயோடு ஊதாதே, கொப்பளித்துவிட்டு ஊது. ஹார்னில் எஃப் சுருதிக்கான குழாயை நீட்டினாலே ஏறக்குறைய 12 அடி. அதில் தேங்கும் எச்சிலும் சர்க்கரையும் நம் ஊர்ப் புழுக்கத்தில் சும்மா இருக்காது. பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் மிஞ்சும். ஊதுகுழல் சொருகும் முதல் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் அதுதான். தேய்த்தாலும் போகாது. ஊதி முடித்ததும் ஹார்னைச் சுற்றிச் சுற்றித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பெட்டியில் வை.

ஊதுகுழல் இறுகிப் பிடித்துக்கொண்டால் பிளையர் வைத்துத் திருகவே திருகாதே, ஈயம் விட்டுப்போகும், குழாயும் முறுக்கிக்கொள்ளும். அதற்கென்று இழுப்பான் இருக்கிறது, உங்கள் பேண்ட் அறையில் கேட்டுப் பார்.

தீபாவளிக்கு வரும்போது ஹார்னையும் கொண்டு வா. ரயிலில் மேல் தட்டில் வைக்காதே, காலடியில் வைத்துக்கொள். சுங்கை சிப்புட் ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுவேன். மீன்பிடிச் சாமான் கடையில் பின்னல் நூல் வாங்கி வைத்திருக்கிறேன். வழுக்கும் ஒற்றை நரம்பு வேண்டாம், இதுதான் முடிச்சில் நிற்கும். நாலு வால்வுக்கும் புது நூல் கட்டிவிடலாம். கார்க்கும் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா உனக்கு முறுக்கு அனுப்பியிருக்கிறாள், வந்து சேர்ந்ததா என்று சொல்.

அன்புடன்,
அப்பா