அடித்தவன் சொன்ன சாக்கை நாலு பக்கத்துக்குப் போட்டிருக்கிறீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் லத்தீன் அமெரிக்க ஆண்களைப் பற்றி வந்த கட்டுரையில், மனைவியை அடிப்பது அவர்கள் பண்பாட்டிலேயே ஊறியது, அந்தப் பெண்களும் அதை ஏற்றுக்கொண்டவர்கள் என்று ஒரு வரி. கட்டுரையாளர் எத்தனை மெக்சிகோக்காரர்களோடு பேசியிருக்கிறார் என்று கேட்க மாட்டேன், பெரிய மனிதர், மரியாதையாக இருக்காது.

நான் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு உணவகச் சமையற்கட்டில் வெகுகாலம் வேலை பார்த்தவன். கூட நின்றவர்கள் எல்லாம் மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடோர் ஆட்கள். அதில் பாத்திரம் கழுவும் பையன் ஒருவன் மனைவியை அடித்து வழக்காகிவிட்டது. "எங்க ஊர்ல இதெல்லாம் சகஜம்" என்று சிரித்தான். அடுப்பில் நின்ற பெரியவர், அவரும் அவன் ஊர்ப் பக்கம்தான், கரண்டியை வைத்துவிட்டு, "உங்கப்பன் உங்கம்மாவை அடிச்சப்ப நீ எங்கடா ஒளிஞ்சே?" என்று கேட்டார். கட்டிலுக்கடியில் என்று சொல்லிவிட்டான், வாய்தவறி வந்தது போல. அப்புறம் அன்று முழுக்க அவன் யாரோடும் பேசவில்லை. சொல்லுங்கள், இந்த இருவரில் யார் அந்தப் பண்பாடு?

அடிப்பவர்கள் இல்லை என்றா சொல்கிறேன், நிறைய இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் இப்படி மாட்டி நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்படுகிறவன் 52 வார வகுப்புக்குப் போயாக வேண்டும். இவன் போன ஸ்பானிய வகுப்பில் எடுத்த எடுப்பில் அப்பாவையும் தாத்தாவையும் பற்றித்தான் பேசச் சொன்னார்களாம். பாதிப் பேர் கையெழுத்துக்காக வருகிறவர்கள் என்று அவனே சொன்னான். சரி, ஆனால் அங்கே எடுபடாத "எங்க ஊர் வழக்கம்" உங்கள் பத்திரிகையில் ஆராய்ச்சியாகிவிட்டது.

அவன் மனைவி ஏற்றுக்கொண்டவளாம்! அவளுக்குக் குடியேற்றக் காகிதம் கிடையாது, போலீசைக் கூப்பிட்டால் தன்னை நாடு கடத்திவிடுவார்கள் என்ற பயம். கடைசியில் கூப்பிட்டது பக்கத்து வீட்டுக்காரி. இப்படிப்பட்டவர்களும் போலீசிடம் போகத்தான், குற்றத்துக்கு ஆளாகி விசாரணைக்கு உதவுகிறவர்கள் அமெரிக்காவில் தங்க அனுமதிக்கும் யூ விசா 2000இல் வந்தது. கட்டுரையில் அதைப் பற்றி மூச்சே இல்லை. பிரேசிலில் மரியா ட பென்யாவைத் தூக்கத்தில் சுட்டு முடமாக்கிய கணவன் கூலித் தொழிலாளியும் அல்ல, பொருளாதாரம் படித்தவன். சுட்டது 1983இல். அவர் விடாமல் போராடி, குடும்ப வன்முறைக்கு எதிராக அவர் பெயராலேயே அழைக்கப்படும் சட்டம் 2006இல் வந்தது. இதுவும் அந்தப் பண்பாட்டில் சேருமா சேராதா?

உங்களுக்கு மெக்சிகோ என்றாலே போதைக் கும்பல், பிரேசில் என்றாலே கார்னிவல். உலகக் கோப்பை வந்தால் மட்டும் அர்ஜென்டினா மாமன் மச்சான். முன்பு ஒருமுறை பிரேசிலில் ஸ்பானிய மொழி பேசுவதாகப் போட்டீர்கள், அங்கே பேசுவது போர்த்துகீசியம் என்று எழுதினேன், பதிலே இல்லை. நம் நாட்டு 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஏதாவது ஒரு காரணத்துக்கு மனைவியை அடிக்கலாம் என்று சொன்ன ஆண்கள் நூற்றுக்கு 44 பேர். அது எதில் ஊறியதோ, கட்டுரையாளர் அடுத்த இதழில் எழுதட்டும், காத்திருக்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். பெட்டிச் செய்தியில் பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளான நவம்பர் 25ஐ ஐ.நா. அறிவித்த நாள் என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். 1960இல் அதே தேதியில் டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி ட்ருஹியோவின் ஆட்கள், அவனை எதிர்த்ததற்காக அடித்துக் கொன்ற மிராபல் சகோதரிகள் மூவரின் நினைவு நாள் அது. 1981இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் கூடிய லத்தீன் அமெரிக்கப் பெண்கள் தேர்ந்தெடுத்ததை ஐ.நா. 1999இல்தான் எடுத்துக்கொண்டது. தங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு மூலையில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள், போதும். கட்டுரையோடு போட்ட அந்தத் தொப்பி, மீசைப் படத்தை மட்டும் தயவுசெய்து மறுபடி போடாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
மதுரை