பார்த்து வரைவதும் பயிற்சியே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சமூக மன்றத்தில் ஓவியம் பயிலும் என் மகள், ஸ்பானிய ஓவியர் வெலாஸ்குவெஸ் 1656ல் தீட்டிய ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்திலுள்ள சிறுமி இளவரசியைப் பார்த்து வரைந்தபோது, உறவினர் சிலர் அதைக் ‘காப்பியடித்தல்’ என்று ஒதுக்கியது என்னை மிகவும் வருத்தியது. தளர்வான தூரிகை வீச்சுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட்டும் 1879ல் மட்ரிட்டின் பிராடோ அரும்பொருளகத்தில் இதே ஓவியத்தைப் பார்த்து வரைந்து பயின்றவர்தாம்.

அந்த இளவரசியின் சட்டைக் கையை நெருங்கிப் பார்த்தால் துணியே தெரியாது. சாம்பல், வெள்ளை, இளஞ்சிவப்புத் தீற்றல்கள்தாம் கிடக்கும். சில அடி பின்வாங்கினால் அவையே பட்டாக மின்னும். என் மகள் முதலில் மெல்லிய தூரிகையால் ஒவ்வோர் இழையையும் வரையப்போய், உருவம் பொம்மைபோல் விறைத்துவிட்டது. பிறகு, ஒரு விரல் அகலத் தட்டைத் தூரிகையின் காம்பு நுனியைப் பிடித்து, நின்றபடி, கண்களைச் சுருக்கி ஒளியையும் நிழலையும் மட்டும் கண்டு, வைத்த தீற்றலை மீண்டும் தொடாமல் விடப் பழகினாள். தொடாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். தளர்வு என்பது அவசரமன்று. நிறத்தையும் இடத்தையும் முன்பே முடிவுசெய்துகொள்வதால் கைகூடுவது அது. வரைந்து முடித்ததும் பின்புறத்தில் மூல ஓவியரின் பெயரை எழுதிவைக்கிறாள். அதில் திருட்டு எங்கே இருக்கிறது?

நம் சிங்கப்பூர் தேசிய கலைக்கூடத்தின் தொகுப்பில் ஓவியர் ஜார்ஜெட் சென்னின் தன்னுருவ ஓவியம் உள்ளது. பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று, பென்சிலும் குறிப்பேடுமாக இத்தகைய ஓவியத்தின் முன் அரை மணி நேரமாவது நிற்கவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்