நூலக வாசல் சாய்வுதளத்தை மாற்றிக் கட்டித் தரக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
கணித ஆசிரியை மற்றும் பொறுப்பாளர்,
மாணவர் தன்னார்வ அளவைக் குழு.

பெறுநர்:
உயர்திரு பொறியாளர் அவர்கள்,
பொதுக் கட்டடப் பராமரிப்புப் பிரிவு.

பொருள்: பொது நூலக வாசலில் உள்ள சாய்வுதளம் சக்கர நாற்காலி ஏற முடியாத செங்குத்தாக இருப்பது – மாற்றிக் கட்டித் தர வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நேரில் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நூலகத்தின் தரைத்தளக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் எங்கள் மாணவர்கள் கூடி வேலை செய்வது தாங்கள் அறிந்ததே. தங்கள் அலுவலகத்துக்கும் அந்த வாசலுக்கும் நடுவே ஒரு சாலைதான். ஆகவே இடத்தை விவரிக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

1. மாணவர்கள் ஊருக்கு ஏதாவது ஒரு வேலை செய்து கொடுக்க வேண்டும், அந்த வேலைக்குள்ளேயே கணக்கையும் கற்க வேண்டும் என்பதுதான் இந்தக் குழுவின் நோக்கம். கூரையின் நீள அகலத்தை அளந்து, ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டு, தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். ஒழுகும் குழாயடியில் குவளை வைத்து, எத்தனை சொட்டில் நிரம்புகிறது என்று எண்ணி, ஒரு நாள் இழப்பைக் கணக்கிட்டு எழுதிக் கொடுப்பார்கள். பெரியவர்களுக்குக் கடன் வட்டிக் கணக்கை விளக்கிச் சொல்வார்கள். விகிதம் என்றாலே ஓடிய பிள்ளைகள் இன்று தாங்களாகவே நாடாவை எடுக்கிறார்கள். இதைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் மனு அதற்காக அல்ல.

2. கூடத்தின் தளம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம், பதினைந்து பதினைந்தாக நான்கு படிகள். பக்கத்தில் ஒரு சாய்வுதளம் இருக்கிறது. அதன் அடி நீளம் 1.5 மீட்டர் மட்டுமே. அதாவது இரண்டரைக்கு ஒன்று. சக்கர நாற்காலிக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவே தகுந்தது என்பது பல நாடுகளின் கட்டட வழிகாட்டிகளில் உள்ள அளவு. அந்தக் கணக்கில் 60 செ.மீ. உயரத்துக்கு 7.2 மீட்டர் நீளம் வேண்டும். இருப்பது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். கோணத்தில் சொன்னால் சுமார் 22 பாகை. இருக்க வேண்டியது 5 பாகைக்கும் குறைவு.

3. எங்கள் குழுவில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள். சக்கர நாற்காலியில் வருபவள். கணக்கில் குழுவிலேயே அவள்தான் கெட்டி. சென்ற பல மாதங்களாக அவள் கூடத்துக்குள் வந்ததில்லை. வெளியே, ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். உள்ளே இருப்பவர்கள் அளவுகளைக் கம்பி வழியே கத்திச் சொல்வார்கள். அவள் மடியில் வைத்த நோட்டில் எழுதிக் கணக்குப் போட்டு, விடையை அதே கம்பி வழியே நீட்டுவாள். வெயில் நகர நகர நாற்காலியையும் நகர்த்திக்கொள்வாள். மழை வந்தால் நோட்டைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு வாசல் தூண் ஓரம் ஒதுங்குவாள்.

இரண்டு முறை நான்கு பிள்ளைகள் சேர்ந்து அவளை நாற்காலியோடு தள்ளி ஏற்றிப் பார்த்தார்கள். முதல் முறை ஏறிவிட்டாள். இரண்டாம் முறை பாதியில் பின்சக்கரம் வழுக்கி, பிடித்திருந்த பையனின் முழங்கை சுவரில் உரசித் தோல் போய்விட்டது. அன்றிலிருந்து அவள், "வேண்டாம் டீச்சர், நான் இங்கேயே இருந்துக்கிறேன்" என்கிறாள். அந்த வார்த்தையை வாரா வாரம் கேட்டுக்கொண்டு பாடம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதைத் தங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, ஐயா.

4. சரி, பிள்ளைகள் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. தாங்களே அளந்தார்கள். ஒரு கொத்தனாரிடம் ரசமட்டமும் தூக்குக்குண்டும் இரவல் வாங்கி, தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து உயரம் பார்த்தார்கள். நீளம் 161 செ.மீ. என்று ஒருவன் கத்தினான். வெளியே இருந்தவள்தான், "சரிவு மேலே பிடிச்சியா, தரையிலே பிடிச்சியா?" என்று கேட்டாள். சரிவின் மேல்தான் பிடித்திருந்தான். பிறகு அதே நோட்டில் 161-ஐயும் 60-ஐயும் வர்க்கமாக்கிக் கழித்து, அடி நீளம் ஒன்றரை மீட்டர் என்று எழுதினாள். அன்று பிதாகரஸ் தேற்றத்தை நான் நடத்தவே இல்லை. அவள் நடத்தினாள், வாசலுக்கு வெளியே இருந்து.

அப்புறம் சுருள்வில் தராசு. 5 கிலோ எடையுள்ள சின்ன வண்டியை, நம் சாய்வுதளத்தின் அதே சரிவில் நிறுத்திய பலகையில் இழுத்தார்கள். முள் இரண்டு கிலோவை ஒட்டி நின்றது. பன்னிரண்டுக்கு ஒன்று வைத்து இழுத்தபோது அரைக் கிலோகூடத் தொடவில்லை. அவளும் நாற்காலியும் சேர்ந்து 50 கிலோ என்று வைத்தால், இப்போதைய சரிவில் பதினெட்டரைக் கிலோ தூக்குவதற்கு ஈடாகத் தள்ள வேண்டும். சரியான சரிவில் நாலு கிலோவுக்குச் சற்று மேல். தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி ஏறிவிடுவாள். யாரும் தொடக்கூட வேண்டாம்.

வாசலுக்கு முன் 6 மீட்டர் இடம்தானே இருக்கிறது, 7.2 மீட்டர் எப்படிக் கொள்ளும் என்று தங்கள் அலுவலகத்தில் கேட்கலாம். பிள்ளைகள் அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். 3.6 மீட்டர் போய், திரும்பி, இன்னொரு 3.6 மீட்டர். திரும்பும் இடத்தில் 1.5 மீட்டர் நீளத்துக்குச் சமதளம், நாற்காலி முழு வட்டம் சுற்ற அது வேண்டும். மொத்தம் 5.1 மீட்டரில் முடிந்துவிடும். நேராகக் கட்டினாலும் மடித்துக் கட்டினாலும் சரிவுப் பகுதியின் கன அளவு ஒன்றுதான், அகலம் 1.2 மீட்டர் என்றால் 2.592 கன மீட்டர் என்று ஒரு மாணவன் நிரூபித்துக் காட்டினான். கூடுவது திரும்பும் தளம் மட்டுமே, ஒன்றேகால் கன மீட்டருக்கும் குறைவு. வரைபடம் இணைத்திருக்கிறேன். தங்கள் பொறியாளர்கள் திருத்தட்டும். கைப்பிடியும் ஓர விளிம்பும் சொரசொரப்பான மேல்பூச்சும் அவசியம் என்பதையும் குறித்திருக்கிறோம். வேலையைப் பிள்ளைகள் செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. அளவு சரியாக இருந்தால் போதும்.

5. முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு ரசீது மட்டும். மூன்றாவதைப் பற்றி நேரில் போய்க் கேட்டபோது, "அங்கே ஏற்கெனவே சாய்வுதளம் இருப்பதாகக் கோப்பில் உள்ளது, அதனால் முடித்துவிட்டோம்" என்றார்கள்.

இருக்கிறதாம்! ஐயா, இருக்கிறது என்று எழுதியவர் ஒரு முறையாவது அந்தச் சாலையைக் கடந்து வந்து பார்த்தாரா? ஏற முடியாத சாய்வுதளத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நாடா பிடிக்க இரண்டு நிமிடம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பிடித்துவிட்டார்கள். ஒரு துறையால் முடியாதா? 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9-வது பிரிவு, பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகும்படி வைக்க வேண்டும் என்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஜன்னலுக்குக் கீழே ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, அதைப் பார்த்தால் போதாதா?

மூன்றாவது மனுவின் கதி தெரிந்த அன்று ஒரு பையன், "நம்ம கணக்கு தப்பா டீச்சர்?" என்று கேட்டான். தப்பில்லை என்றேன். "அப்புறம் ஏன் டீச்சர்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருள வேண்டுகிறேன். கோபம் தங்கள் மீதல்ல.

6. ஆகவே மீண்டும் பணிவுடன் வேண்டுவது:

(அ) ஏதாவது ஒரு சனிக்கிழமை, பத்து நிமிடம், தாங்களே நேரில் வந்து பார்க்க வேண்டும். நாடாவும் ரசமட்டமும் நாங்கள் வைத்திருப்போம்.

(ஆ) சாய்வுதளத்தைப் பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் மாற்றிக் கட்ட உத்தரவிட வேண்டும். கோப்பில் "உள்ளது" என்று இருப்பதை நீக்க வேண்டும்.

(இ) அதுவரை, தரையோடு சமமாக இருக்கும் பின்பக்க அறையை, இப்போது பழைய நாற்காலிகள் அடைத்துக் கிடக்கும் அந்த அறையை, சனிக்கிழமை மட்டுமாவது எங்களுக்குத் திறந்துவிடச் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு கைச் சிமெண்ட்கூட வேண்டாம். ஒரு சாவி போதும். தயவுசெய்து இதையாவது உடனே செய்து தாருங்கள் ஐயா, அவள் வரும் சனிக்கிழமையும் வெளியேதான் உட்காருவாள்.

(ஈ) எதுவானாலும் எழுத்தில் பதில் வேண்டும். முடியாது என்றாலும் காரணத்தோடு எழுதுங்கள். பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுகிறேன்.

இணைப்பு: மாணவர்கள் எடுத்த அளவுகள், வரைபடம், அந்த மாணவி கணக்குப் போட்ட நோட்டுப் பக்கத்தின் நகல். மழைத்துளி பட்டு மை கலைந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கணித ஆசிரியை,
மாணவர் தன்னார்வ அளவைக் குழுவுக்காக.