ஏரிக்கரைப் புறம்போக்கு வேண்டாம்

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. நகர்மன்ற உறுப்பினரானதும் நீ முதலில் கையிலெடுத்தது குப்பைப் பிரச்சினை என்றறிந்து மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவள் அம்மாவுக்கு உட்காரக்கூட நேரமில்லை. ஓய்வுபெற்றும் எனக்கு அந்தப் பழைய வேலையின் நினைப்பு போகவில்லை. அதனால் நீ கேட்டதற்கு விரிவாகவே எழுதுகிறேன்.

ஏரிக்கரைப் புறம்போக்கு சும்மாதானே கிடக்கிறது, மக்கும் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் பயோகேஸ் ஆலையை அங்கேயே கட்டிவிடலாம் என்று பேச்சு நடப்பதாக எழுதியிருந்தாய். அதற்கு மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதே. காலி நிலத்தைத் தேடிப் போனால் எப்போதும் ஊருக்கு வெளியே, பள்ளத்தில்தான் போய் நிற்போம். ஐப்பசி மழையில் அங்கே லாரி போகாது. தண்ணீர் ஏறினால், குப்பையை மக்கவைக்கும் கலனில் இருக்கும் கழிவு நீர் ஏரியில் கலக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, குப்பை பிறக்கும் இடத்துக்கும் அதற்கும் ஏழு கிலோமீட்டர் தூரம். காலையில் ஏற்றிய காய்கறிக் கழிவு மதியம் போய்ச் சேருவதற்குள் நாலு வண்டிக் குப்பை அதன் தலையில் கொட்டப்பட்டிருக்கும்.

அதற்கும் முன்னால் அளவு. அறுபதாயிரம் பேர், தலைக்கு நாளுக்கு 400 கிராம், மொத்தம் 24 டன், அதில் பாதி மக்கும் குப்பை, ஆகவே 12 டன் ஆலை என்று திட்ட அறிக்கையில் எழுதிவிடுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் பாலித்தீனும் மண்ணும் கலக்காமல் தினமும் உன் கைக்கு வரப்போவது எவ்வளவு? உழவர் சந்தை, காய்கறி மண்டி, ஓட்டல்கள், கல்யாண மண்டபங்கள், இவற்றில் மட்டும் தராசு வைத்து எடை போடச் சொல். முகூர்த்த நாளிலும் போடு, மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும் ஆடியிலும் போடு. மூன்று டன்தான் தேறும் என்றால் மூன்று டன்னுக்கே கட்டு. கலனுக்குள் வேலை செய்யும் நுண்ணுயிரிகள் மாட்டின் இரைப்பையில் இருப்பவற்றுக்கு உறவுதான். பட்டினி போட்டாலும் சோரும், திடீரென்று அள்ளிக் கொட்டினாலும் உள்ளே புளித்து அமிலம் ஏறி, வாயு வருவது நின்றுபோகும். ஆயுதபூஜைக்கு மறுநாள் வந்து குவியும் வாழைமரங்களை அதில் போடவே கூடாது. நார் அரவை இயந்திரத்தைச் சுற்றிக்கொள்ளும். இளநீர் மட்டையும் கரும்புச் சக்கையும் அப்படித்தான், உள்ளே கரையாது. எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் அதிகம் சேர்ந்தால் நுண்ணுயிரிகளுக்கே ஆகாது.

இந்தூரைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2022 பிப்ரவரியில் அங்கே தேவ்குராடியாவில் திறந்த, நாளுக்கு 550 டன் கையாளும் ஆலையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சோயித்ராம் மண்டியில், காய்கறி கொட்டும் இடத்திலேயே, 20 டன் ஆலை ஒன்றை அவர்கள் நிறுவிவிட்டார்கள். வீட்டு வாசலில் ஈரக் குப்பை, உலர் குப்பை என்று பிரித்து வாங்கும் பழக்கமும் அதற்குள் ஊரில் வேரூன்றியிருந்தது. பெரிய ஆலை அதன் பிறகுதான். நம் ஊர்கள் பார்க்க வேண்டியது அந்த வரிசையை.

வாயுவுக்கு வருவோம். மூன்று டன்னிலிருந்து நாளுக்கு ஏறத்தாழ 200 கனமீட்டர் எதிர்பார்க்கலாம். 19 கிலோ சிலிண்டர் கணக்கில் நாலரை. இதை மின்சாரமாக்குகிறேன் என்று இறங்கினால், இதில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு என்ஜினை அரித்துவிடும். வடிகட்டியை மாற்ற ஆளும் பணமும் எப்போதும் வேண்டும். பக்கத்தில் ஒரு சமையலறை இருந்தால் குழாய் போட்டு அடுப்பில் எரித்துவிடலாம். உழவர் சந்தைக்குப் பின்னால் பழைய வண்டிக் கொட்டகை இருந்ததே, அரசு மருத்துவமனைச் சுவர் ஓரமாக? அந்த இடம் இன்னும் நகராட்சியிடம் இருந்தால் எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. சந்தை ஒரு பக்கம், மருத்துவமனைச் சமையலறை ஒரு பக்கம்.

ஆனால் வாயுவைவிடத் தொல்லை கொடுப்பது, வாயு எடுத்தபின் கலனில் மிஞ்சும் கழிவுக் கரைசல். மூன்று டன்னுக்குச் சமமாகத் தண்ணீர் ஊற்றினால் நாளுக்கு ஆறாயிரம் லிட்டர் அளவில் வெளியே வரும். ஒரு பகுதியைத் திரும்பக் கலக்கலாம். மீதியை யார் எடுப்பார்கள்? வயலுக்கு நல்ல உரம்தான், ஆனால் அடைமழையில் எந்த விவசாயியும் டேங்கர் கேட்கமாட்டார். அந்த வாரங்களுக்குச் சேமிப்புத் தொட்டி மதிப்பீட்டிலேயே இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் அது சாக்கடைக்குத்தான் போகும், பழி உன் மேல் விழும்.

2016 திடக்கழிவு விதிகளில், நாளுக்கு ஐந்து டன்னுக்கு மேற்பட்ட ஆலையைச் சுற்றிக் கட்டடமில்லா இடைவெளி விடச் சொல்லியிருந்தது. சிறியதானாலும் நீ இடம் விடு. குப்பை இறக்கும் கொட்டகையை மூடிக் கட்டு, அன்றன்றைய கழிவை அன்றே அரைத்துவிடச் சொல். டெண்டர் விடுவதற்கு முன்பே மருத்துவமனைத் தெருக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசு. தூய்மைப் பணியாளர்களையும் உட்கார வை. எந்தத் தெருவில் எது கலந்து வருகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் கொட்டகையின் நில அளவை வரைபடமும் மண்டியின் எடைக் கணக்கும் கிடைத்தால் உடனே அனுப்பு. குழந்தை பிறந்ததும் ஒரு நடை வந்து நேரில் பார்க்கிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்